உப்புச் சுவருக்குள் ஓர் ஓய்வில்லம்

வீடு கட்டுவோர் உப்பைக் கண்டு அஞ்சுவது வழக்கம். மணலில் உப்பு இருந்தால் பூச்சு உதிரும். செங்கல்லில் இருந்தால் சுவர் வெண்மையாகப் பூக்கும். தண்ணீரில் இருந்தால் கம்பி துருப்பிடிக்கும். கடற்கரை ஊர்களில் வாழ்வோருக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த உப்பையே கல்லாக வெட்டி, உப்புச் சேற்றையே சாந்தாகக் குழைத்து, ஒரு நகரத்தையே எழுப்பிய மக்கள் உண்டு என்றால் வியப்பாக இருக்கும். அந்த நகரம் ஏறத்தாழ 700 ஆண்டுகள் நின்றது. அது கலைந்த பிறகு, அதே முறையில் கட்டப்பட்ட ஓர் ஓய்வில்லத்தைத் தேடி இன்று உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் செல்கிறார்கள்.

எகிப்து நாட்டின் மேற்குப் பாலைவனத்தில், லிபியா எல்லைக்கு அருகில் உள்ள சீவா என்னும் பாலைவனச் சோலைதான் அந்த இடம். இயற்கைப் பொருள்களைக் கொண்டு கட்டடம் கட்டுவது பற்றி இன்று எங்கும் பேசுகிறார்கள். இயற்கைப் பொருள் என்றால் என்ன, அது எங்கே நிற்கும், எப்போது விழும் என்ற கேள்விகளுக்குச் சீவாவின் வரலாறு தெளிவாக விடை சொல்கிறது.

பழைய ஏடுகளில் உப்பு வீடுகள்

உப்பு வீடு புதிய செய்தியன்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ், வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் உப்புக் கட்டிகளால் வீடு கட்டி வாழும் மக்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அத்துடன் அவர் ஒரு காரணத்தையும் குறிப்பிடுகிறார்: அங்கே மழை பெய்வதில்லை, பெய்திருந்தால் அந்தச் சுவர்கள் நிற்க மாட்டா. ஒரு கட்டடப் பொருளையும் அதன் வானிலையையும் ஒரே மூச்சில் இணைத்துப் பார்த்த கூர்மையான நோக்கு இது. அவர் சொன்ன இந்த நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

கிறித்து பிறந்த காலத்தை ஒட்டி வாழ்ந்த புவியியல் அறிஞர் ஸ்ட்ராபோ, அரேபியாவின் கீழ்க்கரைப் பகுதியில் இருந்த கெர்ரா என்னும் வணிக நகரின் உப்பு வீடுகளைப் பற்றிச் சொல்கிறார். வெயிலில் அந்தச் சுவர்கள் செதில் செதிலாக உதிருமாம். ஆகவே மக்கள் அவற்றின்மீது அடிக்கடி தண்ணீர் தெளித்து உறுதியாக வைத்திருப்பார்களாம். உப்புச் சுவரின்மேல் தண்ணீர் தெளிப்பதா என்று கேட்கத் தோன்றும். இதன் உட்பொருளையும் பின்னர் காண்போம்.

மதுரைக்கும் வந்து சென்ற மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, 1352ஆம் ஆண்டில் சகாராப் பாலைவனத்தைக் கடந்தபோது தகாஸா என்னும் உப்புச் சுரங்க ஊரில் தங்கினார். அங்கே வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டிருந்தன. கூரைக்கு ஒட்டகத் தோல். மரமே இல்லாத அந்த ஊரில் மண்ணைத் தோண்டினால் உப்பு; அதையே வெட்டி விற்றார்கள், அதையே அடுக்கி வீடும் கட்டிக்கொண்டார்கள். உப்பை வெட்டியவர்கள் அடிமைகள். அவர்கள் உண்ணப் பேரீச்சம்பழமும் தானியமும் தொலைவிலிருந்து வர வேண்டியிருந்தது. உப்பு வீட்டில் வாழ்வது அங்கே யாரும் விரும்பித் தேர்ந்துகொண்ட வாழ்க்கையன்று, வேறு வழியின்மை.

கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு சோலை

தகாஸாவைப் போலன்றிச் சீவா வளமான இடம். பாலைவனத்தின் நடுவே ஒரு பெரும் பள்ளம். அதன் தரை கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 18 மீட்டர் கீழே இருக்கிறது. நிலத்தடி நீர் அங்கே ஊற்றுகளாகப் பொங்கி வருகிறது. அதை நம்பிப் பேரீச்சந் தோப்புகளும் ஒலிவ மரத் தோப்புகளும் செழித்திருக்கின்றன. கி.மு. 331இல் அலெக்சாந்தர் பாலைவனத்தைக் கடந்து வந்து குறி கேட்ட ஆமோன் கோயில் இருந்த ஊரும் இதுவே. இங்கு வாழ்பவர்கள் அராபிய மொழியுடன், பெர்பெர் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த சீவி என்னும் தங்கள் தாய்மொழியையும் பேசுகிறார்கள்.

பள்ளத்தில் சேரும் நீர் வெளியேற வழியில்லை. அது ஏரிகளாகத் தேங்குகிறது. பாலைவன வெயிலில் ஆவியாகிறது. நீர் போய்விடும்; அது கரைத்துக் கொண்டுவந்த உப்பு தங்கிவிடும். ஆண்டாண்டாக இவ்வாறு நிகழ்வதால் ஏரிக் கரைகளில் உப்பும் களிமண்ணும் மணலும் ஒன்றாக இறுகிக் கெட்டியான பாறை போன்ற படிவம் உண்டாகிறது. நம் உப்பளங்களில் மனிதன் பாத்தி கட்டிச் செய்யும் வேலையைச் சீவாவில் இயற்கை தானே செய்கிறது என்று சொல்லலாம். இந்தப் படிவத்துக்குச் சீவா மக்கள் வைத்திருக்கும் பெயர் ‘கெர்ஷெஃப்’ என்பது.

உப்பு எப்படிச் சாந்தாகிறது?

கெர்ஷெஃப் படிவத்தை ஒழுங்கற்ற கட்டிகளாக உடைத்து எடுக்கிறார்கள். அதே இடத்திலிருந்து எடுத்த உப்புக் களிமண்ணை நீர் விட்டுக் குழைத்துச் சாந்தாக்குகிறார்கள். கட்டிகளைச் சாந்தில் பதித்துச் சுவர் எழுப்புகிறார்கள். அடியில் தடித்தும் மேலே போகப் போக மெலிந்தும் இருக்கும்படி சுவர் அமைகிறது. சிறிது உயரம் கட்டியதும் காய விட்டுவிட்டு, பிறகுதான் அடுத்த வரிசையைத் தொடங்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற வேலையன்று இது.

சாந்து காயும்போதுதான் இதன் நுட்பம் வெளிப்படுகிறது. ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 360 கிராம் உப்பைத்தான் கரைத்து வைத்திருக்க முடியும். சாந்திலுள்ள நீர் வற்ற வற்ற, கரைந்திருந்த உப்பு படிகங்களாக வெளிவருகிறது. இந்தப் புதிய படிகங்கள் வெறுமனே இடுக்கை நிரப்புவதில்லை. கட்டியில் ஏற்கெனவே இருக்கும் உப்புப் படிகங்களின்மேல் ஒட்டி வளர்கின்றன. இதனால் கட்டி எது, சாந்து எது என்று பிரிக்க முடியாதபடி சுவர் முழுவதும் ஒரே பாறை போல இறுகிவிடுகிறது. தனிக் கட்டியின் வலிமை கருங்கல்லுக்கு அருகில்கூட வராது. ஆனால் தனித்தனிக் கட்டிகளாக நில்லாமல் ஒரே உடலாக நிற்பதால் சுவர் பல அடுக்குகளைத் தாங்குகிறது.

ஸ்ட்ராபோ சொன்ன கெர்ரா மக்கள் சுவரில் தண்ணீர் தெளித்ததன் உட்பொருளும் இப்போது விளங்கும். சிறிதளவு நீர், மேற்பரப்பிலுள்ள உதிரி உப்பைக் கரைத்து, காயும்போது மீண்டும் படிகமாக்கிச் சேர்த்து ஒட்டிவிடும். சிறிது நீர் சுவருக்கு மருந்து. அதுவே அளவு கடந்தால் நஞ்சு.

இன்னொரு கேள்வி எழலாம். மழைக்காலத்தில் நம் வீட்டு உப்புச் சாடி நீர் விட்டுப் போகிறதே, அங்கே சுவர்கள் ஏன் கசிவதில்லை? காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் சாதாரண உப்பு காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். பாலைவனத்தின் உலர்ந்த காற்று பெரும்பாலும் அந்த எல்லைக்குக் கீழேயே நிற்கிறது. சீவாவின் ஆண்டு மழை சராசரியாக ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். சென்னையிலோ ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சீவாவின் சுவர் சென்னையில் ஒரு பருவ மழையைக்கூடத் தாங்காது.

ஷாலிக் கோட்டை

பாலைவனக் கொள்ளையரின் தாக்குதல்களால் சீவாவின் மக்கள் தொகை மிகவும் குறைந்திருந்த காலத்தில், எஞ்சியிருந்த சில குடும்பங்கள் 1203ஆம் ஆண்டில் ஒரு குன்றின்மேல் புதிய ஊர் அமைத்தன என்று அவ்வூரின் பழைய கையெழுத்துச் சுவடி கூறுகிறது. அதுவே ஷாலிக் கோட்டை. வெளியாரிடமிருந்து பாதுகாப்புக்காக அவர்கள் மதிலுக்குள்ளேயே வாழ்ந்தார்கள். குடும்பம் பெருகியபோது பக்கவாட்டில் விரிவடைய இடமில்லை. எனவே பழைய வீட்டின் மேலேயே மகனுக்கு வீடு, அதன் மேலே பேரனுக்கு வீடு என்று ஊர் வானத்தை நோக்கி வளர்ந்தது. தெருக்கள் குகை போல இருண்ட வழிகளாயின.

கூரைக்குப் பேரீச்ச மரத் தண்டுகளைப் பிளந்து உத்தரமாக இட்டார்கள். அவற்றின்மேல் ஓலையைப் பரப்பி மண் பூசினார்கள். கதவுக்கும் நிலைக்கும் ஒலிவ மரம். கட்டடத்துக்கு வேண்டிய அனைத்தும் நடந்து செல்லும் தொலைவிலேயே கிடைத்தன. ஒட்டகத்தின்மேல் பல நாள் பயணம் செய்தாலன்றி வேறு பொருள் கிடைக்காத ஊரில், இருப்பதைக் கொண்டு கட்டுவதே அறிவு.

1820இல் முகமது அலியின் படைகள் சீவாவை எகிப்தின் ஆட்சிக்குள் கொண்டுவந்தன. கொள்ளையர் அச்சம் தணிந்ததும் மக்கள் மெல்ல மெல்ல மதிலுக்கு வெளியே வீடு கட்டத் தொடங்கினார்கள். ஆயினும் ஷாலியில் வாழ்க்கை தொடர்ந்தது.

மூன்று நாள் மழை

1926ஆம் ஆண்டில், சீவா மக்கள் தம் வாழ்நாளில் கண்டிராத மழை பெய்தது. தொடர்ந்து மூன்று நாள் பெய்த அந்த மழையில் ஷாலியின் சுவர்கள் கரைந்தன. கூரைகள் சரிந்தன. பல தலைமுறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வீடுகள், உருகிய மெழுகுத் திரிகள்போல உருக்குலைந்து நின்றன. மக்கள் கோட்டையை விட்டு இறங்கிக் கீழே வீடு கட்டிக்கொண்டார்கள். ஹெரடோட்டஸ் 2,300 ஆண்டுகளுக்கு முன் எழுதிய நிபந்தனை அன்று மெய்யாயிற்று.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். 700 ஆண்டுகளில் ஷாலியில் மழையே பெய்யாமல் இருந்திருக்க முடியாது. சிறு மழைகள் வந்திருக்கும், சுவர்கள் அரித்திருக்கும். ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரர் புதிய உப்புச் சேற்றைக் குழைத்துப் பூசியிருப்பார். இத்தகைய கட்டடம் ஒருமுறை கட்டி முடிக்கப்படுவதன்று. அது ஓயாமல் கட்டப்பட்டுக்கொண்டே இருப்பது. பராமரிக்கும் கை இருக்கும் வரையில் சுவரும் இருக்கும். ஆட்கள் வெளியேறிய பின் பழுது பார்ப்பாரின்றி, எஞ்சிய வீடுகளும் சிதையத் தொடங்கின.

பின்னர் சீவாவுக்குச் சாலை வந்தது. சாலை வழியே சிமெண்டும் இரும்பும் வந்தன. சிமெண்டு வீடு விரைவில் கட்டி முடியும், மழைக்குக் கரையாது, ஆண்டுதோறும் பூச வேண்டியதில்லை. மக்கள் அதை நாடியதில் தவறு காண முடியாது. ஆனால் கோடையில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் ஊரில், மெல்லிய சுவர் கொண்ட புதிய வீடுகள் அடுப்பாகக் காய்ந்தன. கெர்ஷெஃப் கட்டத் தெரிந்த கொத்தனார்களுக்கு வேலை குறைந்தது. கற்றுக்கொள்ள வருவோரும் குறைந்தார்கள்.

தடித்த சுவரின் பயன்

மண் போன்ற பொருள்களால் ஆன தடித்த சுவருக்கு என்ன பயன் என்பதை எகிப்திலேயே செய்யப்பட்ட ஒரு சோதனை விளக்கும். மண் கட்டடக் கலைக்குப் புத்துயிர் ஊட்டிய எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாதி, கெய்ரோவில் 1964இல் நடந்த ஒரு சோதனையின் முடிவுகளைத் தம் நூலில் தந்துள்ளார். 50 சென்டிமீட்டர் தடித்த பச்சை மண் செங்கற் சுவரும் வளைகூரையும் கொண்டது ஒரு மாதிரி வீடு. 10 சென்டிமீட்டர் தடிப்புள்ள கான்கிரீட் பலகைகளால் ஆனது மற்றொன்று. மண் வீட்டுக்குள் 24 மணி நேரமும் வெப்பநிலை 21 முதல் 23 டிகிரி செல்சியசுக்குள்ளேயே நின்றது. கான்கிரீட் வீட்டுக்குள்ளோ 36 டிகிரி வரை ஏறியது. வெளிக்காற்றைவிட வீட்டின் உட்புறமே சூடாக இருந்தது!

இதைக் கொண்டு மண்ணை வாழ்த்திக் கான்கிரீட்டை வைதுவிடலாகாது. இரண்டின் தடிப்பும் ஒன்றல்ல. வேறுபாட்டில் ஒரு பங்கு பொருளால் வந்தது; மற்றொரு பங்கு தடிப்பால் வந்தது. பகல் வெயிலின் வெப்பம் தடித்த சுவருக்குள் மெதுவாக ஊர்ந்து செல்கிறது. அது உட்புறத்தை அடைவதற்குப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் பொழுது சாய்ந்து வெளிக்காற்று குளிர்ந்துவிடும். சுவர் தான் பெற்ற வெப்பத்தை இரவில் வெளியேற்றி, மறுநாளுக்கு ஆயத்தமாகும். தடித்த கெர்ஷெஃப் சுவரும் இந்த முறையில்தான் வேலை செய்கிறது. இரவும் பகலும் வெப்பநிலை பெரிதும் மாறும் பாலைவனத்தில் இது சிறந்த பயன் தரும். இரவிலும் புழுக்கம் குறையாத கடற்கரை ஊரில் இந்த அளவு பயனை எதிர்பார்க்க இயலாது.

வெள்ளை மலையின் அடியில்

நோய் தீர்க்கவும் இளைப்பாறவும் சீவாவுக்கு மக்கள் வருவது இன்று தொடங்கியதன்று. அங்குள்ள தக்ரூர் என்னும் குன்றின் அடிவாரத்தில் கோடைக் காலத்தில் மணல் குளியல் நடைபெறும். மூட்டு வலி உடையவர்களைக் கொதிக்கும் மணலில் குழி தோண்டி, கழுத்து வரை சில நிமிடங்கள் புதைத்து வைப்பார்கள். பிறகு குளிர்ந்த காற்றுப் படாமல் கூடாரத்துக்குள் இருத்தி, சூடான பானம் கொடுப்பார்கள். வெப்பம் தசைகளைத் தளர்த்தி வலியைத் தற்காலிகமாகக் குறைக்கும் என்பது மருத்துவம் ஒப்புக்கொள்வதே. அதற்காக இதை எல்லா நோய்க்கும் தீர்வு என்று கொள்ளலாகாது. இதய நோய் உடையவர்களுக்கு இது ஆபத்தானதும்கூட.

1990களின் பிற்பகுதியில் முனீர் நிமத்தல்லா என்னும் எகிப்தியச் சுற்றுச்சூழல் அறிஞர், சீவா ஏரிக் கரையில், வெண்ணிறமான ஒரு மலையின் அடிவாரத்தில் ஓய்வில்லம் ஒன்றை உருவாக்கினார். அதன் பெயர் அத்ரேர் அமெல்லால். சீவி மொழியில் ‘வெள்ளை மலை’ என்று பொருள். சுவர் கெர்ஷெஃப், கூரை பேரீச்சந் தண்டு, கதவு ஒலிவ மரம். பழைய முறை அறிந்த உள்ளூர்க் கொத்தனார்களைக் கொண்டே கட்டினார்கள். அறைகளில் மின்சாரம் இல்லை. இரவில் மெழுகுத்திரியும் எண்ணெய் விளக்கும். குளிர்காலத்தில் கரி அடுப்பு. பகலின் வெப்பத்தைச் சுவரே பார்த்துக்கொள்கிறது. தொலைவில் நின்று பார்த்தால் மலை எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது கடினம்.

இத்தகைய கட்டடத்தால் சுற்றுச்சூழலுக்கும் நன்மை உண்டு. சிமெண்டு செய்வதற்குச் சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியசில் சுட வேண்டும். மனித இனம் வெளிவிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலால் வருகிறது. கெர்ஷெஃப்புக்குச் சூளையே வேண்டாம், சூரியன் போதும். கட்டடம் பயனற்றுப் போனாலும் குப்பை மேடு உண்டாவதில்லை. ஏரிக்கரை உப்பு ஏரிக்கரைக்கே திரும்பிவிடும்.

வேலையில்லாதிருந்த ஒரு தொழிலுக்கு மீண்டும் மதிப்பு வந்தது மற்றொரு நன்மை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு 2018இல் தொடங்கிய ஷாலிக் கோட்டையின் சீரமைப்புப் பணி, 2020 நவம்பரில் நிறைவு விழாக் கண்டது. பழைய சுவர்களை மீண்டும் எழுப்ப வேண்டுமானால் அந்தச் சுவரைக் கட்டத் தெரிந்த கைகள் வேண்டும். தொழில் அறவே மறைந்து போயிருந்தால், பணம் இருந்தும் பயன் இருந்திருக்காது.

நாணயத்தின் மறுபக்கம்

ஆயினும் இந்தக் கதையில் ஒரு முரண்பாடு உண்டு. வறுமையாலும் தனிமையாலும் பிறந்த உப்பு வீடு, இன்று செல்வர்களுக்கே எட்டும் கட்டணத்தில் கிடைக்கும் இன்பமாகிவிட்டது. மின்விளக்கு வேண்டாம் என்று விரும்பித் துறப்பவருக்கு இருட்டு அமைதி தரும். மின்சாரமே எட்டாதவருக்கு அது குறைபாடு. ஓய்வில்லத்தின் சுவரைப் பூசுவதற்கு ஆண்டு முழுவதும் சம்பளத்துக்கு ஆள் உண்டு. தோப்பு வேலைக்குச் செல்லும் ஒரு குடும்பம் தன் வீட்டுச் சுவரைப் பூச யாரை வைத்துக்கொள்ளும்? விருந்தினர் பலர் விமானமேறி வருகிறார்கள் என்பதையும் சுற்றுச்சூழல் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பழைய முறை ஓய்வில்லங்களில் மட்டும் உயிர் வாழ்ந்தால் அது காட்சிப் பொருளாகும். ஊர் மக்களின் வீடுகளுக்கும் அது திரும்பி வரும்போதுதான் உண்மையில் பிழைத்ததாகும்.

இன்னொரு தொல்லை மண்ணுக்கு அடியிலிருந்து வருகிறது. கடந்த சில பத்தாண்டுகளில் சீவாவில் எண்ணற்ற ஆழ்கிணறுகள் தோண்டப்பட்டன. பாசனத்துக்குப் போக மிஞ்சிய நீர் பள்ளத்தில் தேங்கியது. ஏரிகள் பெருத்தன, நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்தது, தோப்புகளில் உப்பு ஏறியது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, ஈரம் சுவரின் அடியிலிருந்து மேலே ஏறும். உப்புச் சுவருக்கு வானத்து மழை மட்டும் பகையன்று. தரையிலிருந்து ஏறும் ஈரமும் பகையே. ஒரு வீட்டைக் காப்பது என்பது அவ்வூரின் நீரைக் காப்பதோடு பிணைந்திருக்கிறது.

நாம் கற்க வேண்டியது

சீவாவைப் பார்த்து உப்பு வீடு கட்ட வேண்டும் என்று யாரும் முனைய மாட்டார்கள். ஆனால் வேறோர் ஊரின் இயற்கைப் பொருளை அழகுக்காக அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவரும் ஆசை பலருக்கு உண்டு. பொருள் மட்டும் பயணம் செய்யும். வானிலை உடன் வருவதில்லை. மழை மிகுந்த நம் நாட்டில் மண் சுவர் நின்றதற்குக் காரணம் மண் மட்டுமன்று. அந்தச் சுவருக்கு வெளியே நீண்டு, மழையை எட்டத் தள்ளிய கூரையின் இறவாரமும் காரணம். ஓலையையும் பனங்கையையும் சுண்ணாம்பையும் நம் முன்னோர் தேர்ந்ததற்குப் பின்னால் இவ்வூரின் வெயிலும் மழையும் பற்றிய நீண்ட பட்டறிவு இருந்தது.

பூமியிலிருந்து எடுத்தது என்பதாலேயே ஒரு பொருள் நல்ல கட்டடப் பொருளாகிவிடாது. அந்த இடத்தின் வானிலைக்கு அது பொருந்த வேண்டும். அதைக் கையாளத் தெரிந்த தொழிலாளி வேண்டும். அதைப் பேணும் பொறுமையும் வேண்டும். இம்மூன்றும் சேர்ந்திருந்தவரை ஷாலி 700 ஆண்டுகள் நின்றது. வானிலை மூன்றே நாள் மாறியபோது கரைந்தது. பேணும் கைகள் விலகியபோது சிதைந்தது. இப்போது வெப்பம் மிகுந்து மழையின் போக்கும் மாறி வரும் காலத்தில் வாழ்கிறோம். ஒவ்வோர் ஊரும் தன் கொத்தனார்களிடமும் தச்சர்களிடமும் எஞ்சியிருக்கும் அறிவை, அவர்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்வது நலம். சுவர் கரைந்தால் மீண்டும் கட்டலாம். கட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாமல் போனால் எதைக் கொண்டு கட்டுவது?